கென்யாவின் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைரோபியில் சில வருடம் குடியிருந்தேன். அங்கே தண்ணீர் எப்படி, ஏன் இவ்வளவு பாடு, இவ்வளவு பெரிய ஏரி பக்கத்திலேயே இருந்தும் என்ன பயன் என்று ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கேட்பது ஒரு மாதிரி, மற்றவர்கள் கேட்பது ஒரு மாதிரி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கென்யா என்றாலே வறண்ட பூமிதானே? மழையே பெய்யாதா?

பெய்யும், ஆனால் ஒரே மாதிரி பெய்யாது. நாட்டின் நிலப்பரப்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் வறண்டது அல்லது பாதி வறண்டது. வடக்கே துர்கானா பக்கம் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை பார்த்தாலே பெரிது. கென்யா மலைச் சரிவுகளிலும் மேற்கு மேட்டுநிலங்களிலும் அதைப்போல ஏழெட்டு மடங்கு பெய்யும், தேயிலை விளைகிற மண் அது. இரண்டு மழைக்காலம். மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழை. இதில் ஒன்று தவறினால் வடக்கில் ஆடுமாடு சாகும், இரண்டு தவறினால் தலைநகரத்திலும் குழாய் காயும்.

நைரோபி என்ற பெயரே மசாய் மொழியில் குளிர்ந்த தண்ணீரைக் குறிக்கும் 'எங்காரே நைரோபி' என்பதிலிருந்து வந்தது. 1899இல் ரயில் பாதை போட்டுக்கொண்டு வந்தவர்கள் அங்கே கூடாரம் அடித்ததற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது?

வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளும் நன்னீர் சுமார் 3,070 கோடி கன மீட்டர். 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்கள் 4.76 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 645 கன மீட்டர் வருகிறது. ஆயிரத்துக்குக் கீழே போனாலே தண்ணீர்ப் பற்றாக்குறை நாடு என்பது உலகம் வைத்திருக்கிற அளவுகோல்.

இதே கணக்கை 1962க்குப் போட்டுப் பாருங்கள். அப்போது மக்கள் 86 லட்சம், ஆளுக்கு 3,500 கன மீட்டருக்கு மேல் வரும். இந்தக் கணக்கில் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, பங்கு கேட்கிற கைகள்தான் ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிட்டன. அதனால் கென்யாவைப் பற்றிப் பேசும்போது 'மழை இல்லை' என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பெய்கிற மழையை எங்கே பிடித்து வைக்கிறார்கள், யாருக்கு எந்த விலையில் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி என்று நான் நினைக்கிறேன். கீழே வருகிற பதில்களில் பெரும்பாலானவை சுற்றி வந்து அங்கேதான் நிற்கும்.

ஆறுகள் எங்கே பிறக்கின்றன?

ஐந்து மலைக்காடுகளில். கென்யா மலை, அபர்டேர் மலைத்தொடர், மாவ் காடு, எல்கன் மலை, செரங்கானி மலைகள். அங்கே இவற்றை 'தண்ணீர்க் கோபுரங்கள்' என்பார்கள். நாட்டின் மிக நீளமான டானா ஆறு அபர்டேரிலும் கென்யா மலையிலும் உருவாகி, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி இந்தியப் பெருங்கடலில் சேருகிறது. வழியில் மசிங்கா, கம்புரு, கிடாரு, கிண்டருமா, கியாம்பேரே என்று ஐந்து அணைகள், அவற்றில்தான் நாட்டின் நீர்மின்சாரத்தில் பெரும்பகுதி. ஆக மேலே மரம் வெட்டினால் கீழே விளக்கும் அணைகிறது.

மாவ் காடு சுமார் 4 லட்சம் ஹெக்டேர். பத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் அதிலிருந்து கிளம்புகின்றன, காட்டு விலங்குகள் கூட்டம் கூட்டமாகக் கடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்களே, அந்த மாரா ஆறும் அதில் ஒன்று. அதிலேயே ஏறக்குறைய கால்பங்கு காடு அழிக்கப்பட்டுக் குடியேற்றமும் வயலுமாக மாறிப்போனது. சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் 1977இல் கிராமத்துப் பெண்களைக் கூட்டி மரம் நட ஆரம்பித்ததை வெறும் பசுமை விஷயமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் அவரிடம் சொன்ன குறையே விறகு இல்லை, ஓடை வற்றிவிட்டது என்பதுதான். 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நைரோபிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பங்கு முராங்கா மாவட்டத்திலிருந்து. திகா ஆற்றின் குறுக்கே 1994இல் கட்டி முடித்த ந்டகைனி அணை, கொள்ளளவு 7 கோடி கன மீட்டர். நகரத்துத் தண்ணீரில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரே அமைப்பிலிருந்துதான். மீதிக்குச் சசுமுவா, ருயிரு அணைகளும் கிகுயு ஊற்றுகளும்.

ஒரே அணையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2017இல் நகரம் பார்த்தது. முந்தைய மழை பொய்த்து ந்டகைனி இறங்கியதும் ஜனவரியிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், பிறகு அந்த முறையே வாழ்க்கையாகிவிட்டது. நாளைக்கு 80 கோடி லிட்டருக்கு மேல் வேண்டிய ஊருக்கு 52 கோடி லிட்டர் அளவில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் மரகுவா, கிகிகியே, இராட்டி என்ற மூன்று ஆறுகளிலிருந்து தண்ணீரை ந்டகைனிக்குத் திருப்ப 11.8 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைந்தார்கள். இதனால் நாளைக்கு 14 கோடி லிட்டர் கூடும் என்பது திட்டம். வெள்ள நீரை மட்டுமே எடுக்கிறோம் என்றது அரசு. எங்கள் ஆறு காயும் என்று முராங்கா மக்கள் பல வருடம் எதிர்த்தார்கள். அவர்கள் பயத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் அந்த மாவட்டத்திலேயே குழாய் இணைப்பு இல்லாத வீடுகள் நிறைய உண்டு. நகரத்துக்குப் போகிற குழாய் தங்கள் நிலத்துக்குள்ளேயே ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஓடையில் குடம் முக்குகிறவரிடம் எந்தக் கணக்கைக் காட்டினாலும் எடுபடாது.

ஒரு நல்ல காரியமும் சொல்ல வேண்டும். 2015இல் மேல் டானா - நைரோபி நீர் நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மலைச்சரிவில் விவசாயம் செய்கிறவர் மண்ணை அரித்துப் போக விட்டால் அது அணையிலும் வடிகட்டி நிலையத்திலும் சேறாக வந்து விழும், கீழே இருக்கிற நகரத்துக்குச் செலவு. அந்தச் செலவில் ஒரு பகுதியை முன்னதாகவே விவசாயிக்கு உதவியாகக் கொடுத்துவிட்டால், அவர் படிக்கட்டு வரப்பு போடுவார், ஓரத்தில் நேப்பியர் புல் நடுவார், மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு, மண்ணும் நிற்கும்.

நகரத்தில் தண்ணீர் தினம் வராதா?

பல பகுதிகளில் வராது. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று பகுதிக்கு ஒரு அட்டவணை. நான் இருந்த குடியிருப்பில் வியாழன் இரவு வரும். குழாயில் முதலில் காற்று சீறும், அப்புறம் கொஞ்சம் செம்மண் நிறத்தில் ஒழுகும், பிறகுதான் தெளியும். அந்தச் சத்தம் கேட்டதும் தூக்கத்திலேயே எழுந்துபோய் மஞ்சள் கேன்களை வரிசையாக அடியில் வைக்கப் பழகிவிட்டேன். இருபது லிட்டர் மஞ்சள் கேன், முன்பு சமையல் எண்ணெய் வந்தது, அதற்கு ஸ்வாஹிலியில் ம்டுங்கி என்று பெயர். தண்ணீரை அங்கே லிட்டரில் யாரும் பேசுவதில்லை, எத்தனை ம்டுங்கி என்பதுதான் பேச்சு. மாடியில் கருப்புத் தொட்டி, சமையலறையில் நான்கு ம்டுங்கி, குளியலறையில் மூன்று. இரண்டு வாரம் வராமல் போனால் கட்டடத்துக்காரர்கள் காசு சேர்த்து லாரி வரவழைப்பார்கள். அதை அங்கே பவுசர் என்பார்கள், இலங்கைத் தமிழர்களுக்குப் பழகிய அதே சொல்.

ஏழைகள்தான் தண்ணீருக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. நைரோபியின் குடிசைப் பகுதிகளான கிபேராவிலோ மத்தாரேயிலோ வீட்டுக்குக் குழாய் கிடையாது. கைவண்டிக்காரரிடமோ தெருமுனைக் கடையிலோ ம்டுங்கி கணக்கில் வாங்க வேண்டும். சாதாரண நாளில் சில ஷில்லிங், தட்டுப்பாடு வந்தால் இருபது, மோசமான நாட்களில் ஐம்பது வரைகூடப் போகும். இருபது லிட்டர் இருபது ஷில்லிங் என்றால் ஆயிரம் லிட்டர் ஆயிரம் ஷில்லிங். வசதியான பகுதியில் மீட்டர் வைத்த வீட்டுக்காரர் அதே ஆயிரம் லிட்டருக்குக் கட்டுவது இதில் ஒரு சின்னப் பகுதிதான், அவர் அதில் தோட்டத்துக்கும் பாய்ச்சுகிறார்.

அந்தக் குடிசைப் பகுதிகளில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் கட்டுக்கட்டாகச் சாக்கடைக்குள்ளேயே போவதைப் பார்க்கலாம். யாரோ முக்கிய குழாயில் திருட்டு இணைப்பு எடுத்து விற்கிறார்கள். தண்ணீர் ஓடும்போது பரவாயில்லை. நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும், விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படும். அடுத்த முறை தண்ணீர் வரும்போது முதலில் வருவது அதுதான். காலரா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

2015இல் மத்தாரேயில் அட்டை வைத்தால் தண்ணீர் கொட்டும் இயந்திரங்கள் வைத்தார்கள், ம்டுங்கி அரை ஷில்லிங். இடைத்தரகர் இல்லாவிட்டால் விலை எவ்வளவு இறங்கும் என்பதை அது காட்டியது. ஆனால் முக்கிய குழாயிலேயே தண்ணீர் இல்லாத நாளில் அந்த இயந்திரமும் சும்மாதான் நிற்கும்.

குழாயில் போகிற தண்ணீர் எல்லாம் கணக்கில் வருகிறதா?

இல்லை. நாடு முழுக்கப் பார்த்தால் சுத்திகரித்து அனுப்புகிற நூறு லிட்டரில் நாற்பதுக்கு மேல் கசிவிலும் திருட்டு இணைப்பிலும் ஓடாத மீட்டரிலும் போய்விடுகிறது. புது அணைக்கு அடிக்கல் நாட்டினால் படம் பத்திரிகையில் வரும், பழைய குழாயை மாற்றினால் வராது. முதலில் செய்ய வேண்டியது என்னவோ அதுதான்.

மொம்பாசாவில் எப்படி?

கடற்கரை நகரமான அங்கே முக்கியமாக இரண்டு மூலம். ஒன்று சாவோ வனவிலங்குப் பூங்காவுக்குள் இருக்கும் ம்சீமா ஊற்று. சியூலு மலைகளின் எரிமலைப் பாறையில் விழுகிற மழை உள்ளே இறங்கி, வடிகட்டப்பட்டு, தொலைவில் கண்ணாடி மாதிரி வெளியே வருகிறது, நீர்யானைகள் அதில் கிடக்கும். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய், 1950களில் போட்டது. மற்றது சபாகி ஆற்றுப்படுகையில் பரிச்சோ கிணறுகள். இரண்டும் சேர்ந்தும் நகரத்துக்குப் போதவில்லை, கிணறு தோண்டினால் பல இடத்தில் உப்பு.

மணல் அணை என்கிறார்களே, அது என்ன?

கென்யாவில் நான் பார்த்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மச்சாகோஸ், மக்குவேனி, கிடுயி மூன்றும் கம்பா மக்களின் மாவட்டங்கள். அங்கே ஆறு என்றால் வருடத்தில் சில நாள் வெள்ளம், மீதி நாள் வெறும் மணல். கீழே பாறை தட்டுகிற ஓர் இடம் பார்த்து ஆற்றின் குறுக்கே கல்லும் கான்கிரீட்டுமாகச் சுவர் எழுப்புகிறார்கள். மழை வந்ததும் வெள்ளம் மணலைக் கொண்டுவந்து சுவருக்குப் பின்னால் சேர்க்கும், லேசான வண்டல் மேலே தாண்டிப் போய்விடும். சில மழைக்காலத்தில் சுவரின் உச்சி வரை மணல் நிரம்பிவிடும். பார்க்கிறவருக்கு அணை தூர்ந்து போனது மாதிரி இருக்கும், உண்மையில் அப்போதுதான் அது தயார். மணல் துகள்களுக்கு இடையே, மொத்தக் கனஅளவில் கால்பங்கிலிருந்து நாற்பது சதவீதம் வரை தண்ணீர் தங்கும். வெயில் அதை உறிஞ்ச முடியாது, கொசு முட்டையிட முடியாது, மணலே வடிகட்டியும் ஆகிவிடுகிறது.

நம் ஊரில் வறண்ட ஆற்றில் ஊற்று தோண்டுவோம் இல்லையா, அதே காரியம்தான், சுவர் ஒன்று கூடுதலாக. மக்குவேனிப் பக்கம் ஒரு காலையில் பார்த்தேன். ஆடுமாடு இறங்காமல் இருக்க முள்வேலி போட்ட ஒரு பள்ளம். ஒரு அம்மா உள்ளே குந்தி உட்கார்ந்து, பாதியாக வெட்டிய சுரைக்குடுவையால் மொண்டு மொண்டு கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார். மொண்டதும் பள்ளம் காலியாகும், இருபது எண்ணுவதற்குள் மறுபடி ஊறிவிடும். பக்கத்தில் நான்கு கேன் கட்டிய கழுதை. முன்பு தண்ணீருக்கு விடியுமுன் கிளம்பினால் மதியம் ஆகும், இப்போது கஞ்சி கொதிப்பதற்குள் போய் வந்துவிடுகிறேன் என்றார்.

இந்தச் சுவர்களைக் கட்டுவது பெரும்பாலும் ஊர்க்கூட்டம், அதற்குக் கம்பா மொழியில் ம்வேத்யா என்று பெயர். கல் சுமப்பவர்களில் அதிகம் பெண்கள். சரிவில் பள்ளம் வெட்டி மண்ணை மேல்பக்கம் எறிந்து வரப்பாக்குகிற 'ஃபன்யா ஜூ' முறையும் இதே மாவட்டங்களில் பரவியதுதான். மேலே வரப்பு இல்லாவிட்டால் அணையில் மணலுக்குப் பதில் சேறு சேரும், சேற்றில் தண்ணீர் ஊறாது.

இதற்கு எமன் மணல் லாரி. நைரோபியில் எழும்பும் கட்டடங்களுக்கு இந்த ஆறுகளிலிருந்துதான் மணல் போகிறது. மணல் போனால் தண்ணீரும் போச்சு. மக்குவேனி மாவட்டம் 2015இல் மணல் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் போட்டது.

துர்கானாவில் பெரிய நிலத்தடி ஏரி கண்டுபிடித்ததாகச் சொன்னார்களே?

2013 செப்டம்பரில் லோடிகிபி படுகையில் பிரம்மாண்டமான நீர்த்தேக்கம் இருப்பதாக அறிவித்தார்கள், நாட்டின் பஞ்சமே தீரும் என்று உலகமெங்கும் செய்தி. பிறகு தோண்டிச் சோதித்தபோது தண்ணீர் குடிக்க முடியாத அளவுக்கு உப்பாக இருந்தது. பூமிக்கடியில் தண்ணீர் இருப்பது ஒன்று, அது குடிநீராக இருப்பது வேறொன்று.

நாட்டின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியில் இன்னொரு சிக்கல் ஃபுளோரைடு. எரிமலைப் பாறையிலிருந்து கரைந்து வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நகுரு பக்கம் அதைப்போல பல மடங்கு உள்ள கிணறுகள் உண்டு. பல் பழுப்பேறிய பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே பார்க்கலாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். நகுருவில் சுட்ட எலும்புக் கரியில் வடிகட்டும் முறை புழக்கத்தில் இருக்கிறது, அது வேலை செய்கிறது.

விக்டோரியா ஏரி இருக்கும்போது பற்றாக்குறை ஏன்?

ஏரியில் கென்யாவின் பங்கு சுமார் 6 சதவீதம், மீதி தான்சானியாவும் உகாண்டாவும். நைரோபிக்குக் கொண்டு வரலாமே என்றால், ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,135 மீட்டர், நைரோபி சுமார் 1,700 மீட்டர், நடுவில் பிளவுப் பள்ளத்தாக்கும் அதைவிட உயரமான மேடுகளும். இறைக்கிற மின்சாரக் கட்டணமே கட்டுப்படியாகாது. கரையிலேயே இருக்கிற கிசுமு நகரத்திலும் வண்டியில் தண்ணீர் வாங்குகிறவர்கள் உண்டு. ஏரியின் வளைகுடாப் பகுதியில் ஆகாயத்தாமரை மூடி, கழிவும் உரமும் கலந்து, சுத்திகரிக்கும் செலவு கூடிவிட்டது.

இது நைல் நதியின் தலைப்பகுதியும்கூட. 1929இல் பிரிட்டன் தன் காலனிகளின் சார்பில் எகிப்தோடு செய்த ஏற்பாட்டின்படி, எகிப்து சம்மதிக்காமல் இங்கே நீரைக் குறைக்கும் எந்த வேலையும் கூடாது. ஏரிக்கரை மக்களை ஒருவரும் கேட்கவில்லை. மேல்பகுதி நாடுகள் சேர்ந்து உருவாக்கிய புது ஒப்பந்தத்தில் கென்யா 2010இல் கையெழுத்திட்டது, அது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

துர்கானா ஏரியில் நிலைமை தலைகீழ், அங்கே கென்யாதான் கீழ்ப்பகுதி. ஏரிக்கு வருகிற தண்ணீரில் எண்பது சதவீதத்துக்கு மேல் எத்தியோப்பியாவின் ஓமோ ஆறு. அதன்மேல் கிபே 3 அணை 2016இல் திறக்கப்பட்ட பிறகு, மீன் குஞ்சு பொரிக்க வேண்டிய பருவ வெள்ளம் முன்போல் இல்லை. 2018இல் யுனெஸ்கோ அந்த ஏரிப் பூங்காக்களை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஐரோப்பாவுக்குப் போகும் ரோஜாவில் கென்யாவின் தண்ணீர் போகிறது என்பது சரியா?

போகிறது. நைவாஷா ஏரியைச் சுற்றிக் கூடாரம் கூடாரமாக ரோஜாப் பண்ணைகள். வெளியே ஓடும் ஆறு எதுவும் இல்லாமலேயே நன்னீராக இருக்கிற ஏரி அது, நிலத்தடியில் கசிந்து உப்பை வெளியேற்றிக்கொள்கிறது. 2009இல் மிகவும் வற்றியபோது எல்லா விரலும் பண்ணைகளை நோக்கி நீண்டது. பண்ணைகளை மூடு என்று நான் சொல்ல மாட்டேன், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கூலியில் சாப்பிடுகின்றன. ஆனால் எடுக்கிற தண்ணீருக்கு அளவும் விலையும் வேண்டும். ஆறு வாரியாக நீர்ப் பயனாளர் சங்கங்கள் அமைத்து, வறட்சியில் யார் எவ்வளவு எடுக்கலாம் என்று பேசி வைக்கிற முறை அங்கே உண்டு. கென்யா மலையின் வடசரிவில் எவாசோ ங்கிரோ ஆற்றிலும் அப்படித்தான், மேலே காய்கறிப் பண்ணை, கீழே ஒட்டகமும் மாடும் மேய்ப்பவர்கள். சங்கம் ஒழுங்காக நடக்கிற கிளை ஆறுகளில் சண்டை குறைவு.

ஒரு பக்கம் வறட்சி, ஒரு பக்கம் வெள்ளம். எப்படி?

2020 கடைசியிலிருந்து 2022 கடைசி வரை தொடர்ந்து ஐந்து மழைக்காலம் பொய்த்தது, நாற்பது வருடத்தில் இல்லாத வறட்சி. வடக்கில் மந்தை மந்தையாக ஆடுமாடு செத்தது. அடுத்த வருடமே எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி மழையைப் புரட்டிப் போடுகிற நிகழ்வு, வந்து அதே மாவட்டங்கள் மூழ்கின. 2024 ஏப்ரலில் மை மகியுவில் ரயில் பாதை மேட்டுக்கு அடியில் அடைபட்டு நின்ற வெள்ளம் உடைத்துக்கொண்டு இரவில் ஊருக்குள் பாய்ந்ததில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பேரிங்கோ, நகுரு, நைவாஷா ஏரிகளும் பத்து வருடத்துக்கு மேலாக ஏறிக்கொண்டே வந்து பள்ளிக்கூடம், மருத்துவமனை, வீடு என்று விழுங்கின. மழை கூடியது முக்கிய காரணம், மேலே காடு போய் மண் அரிப்பு கூடியது இன்னொன்று.

அரசு என்ன செய்கிறது?

2010 அரசியலமைப்பின் 43ஆம் பிரிவு, சுத்தமான, போதுமான தண்ணீர் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 2016 தண்ணீர்ச் சட்டப்படி ஆறும் நிலத்தடி நீரும் தேசிய அரசின் பொறுப்பு, வீட்டுக்குக் குழாயில் கொடுப்பது 47 மாவட்ட அரசுகளின் பொறுப்பு. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. 1970களிலேயே '2000க்குள் எல்லோருக்கும் தண்ணீர்' என்ற இலக்கு வைத்த நாடு இது, இன்றும் பத்துப் பேரில் ஆறு பேருக்குத்தான் அடிப்படைக் குடிநீர் வசதி இருக்கிறது.

மக்குவேனியில் 68.8 கோடி கன மீட்டர் கொள்ளளவில் துவாக்கே அணை எழும்புகிறது, 2018இல் தொடங்கி இழுத்துக்கொண்டே போனது. அதில் நிற்கப்போவது ஆதி ஆறு. நைரோபியின் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் அதில்தான் கலக்கின்றன, அதைச் சரிசெய்யாமல் அணை மட்டும் கட்டுவது கவலையாக இருக்கிறது.

வேலைக்காக நைரோபி போகிறேன். வீடு பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும்?

முதலில் வாடகையைக் கேட்காதீர்கள், தண்ணீர் எந்த நாள் வரும் என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் தினமும் வரும் என்பார், கீழே நிற்கும் காவலாளியிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்கு என்று பாருங்கள். போர் தண்ணீர் இருக்கிறது என்றால் சந்தோஷம்தான், ஆனால் நைரோபியில் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம், அதுவும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பரிசோதனை செய்யாமல் வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். குடிபோகிற அன்றே மூடி இறுக்கமான இருபது லிட்டர் கேன் ஐந்தாறு வாங்கிவிடுங்கள், தட்டுப்பாடு வந்த பிறகு தேடினால் அதற்கும் விலை ஏறியிருக்கும்.